சாவி கைமாறாத மாதங்கள்

உச்சிமாகாளி கோயில் சாவி மீனாட்சியம்மாளின் இடுப்பில் தொங்கினால் போதும், அந்தச் சந்தின் இருபத்திரண்டு வீட்டுக்கும் செய்தி போய்விடும். அவள் மருமகள் ஷாலினிக்கு இந்த மாதமும் ஒன்றும் இல்லை.

கோயில் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தாராவியில் அவர்கள் சந்து முடிகிற இடத்தில் பீரோ அளவில் ஒரு மாடம், அதற்கு ஒரு கிராதிக் கதவு, உள்ளே அம்மன். மீனாட்சியம்மாளின் கணவர் வானமாமலை இருந்த காலத்தில் கட்டியது. அவர் போன பிறகும் சாவி அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. சாயங்காலம் கதவைத் திறந்து விளக்கேற்றுவது மருமகளின் பொறுப்பு. அவள் விலக்காக இருக்கும் மூன்று நாள் மட்டும் மாமியார் போவாள்.

கல்யாணமாகி ஏழு வருஷம். இருபத்தாறு நாளுக்கு ஒரு தடவை மீனாட்சியம்மாள் சிவப்புக் கயிறு கோத்த அந்தப் பித்தளைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்திருக்கிறாள். வாசலில் பாத்திரம் கழுவும் பெண்கள் நிமிர்ந்து முதலில் சாவியைப் பார்ப்பார்கள். அப்புறம் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு "ச்சு" கேட்கும்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்தச் சந்தில் கெட்டவர்கள் குறைவு. அக்கறை உள்ளவர்கள்தான் அதிகம். அதுதான் தொல்லை.

ஷாலினி வடாலாவில் பிறந்து வளர்ந்தவள். மாட்டுங்காவில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. விலக்கான அன்று வேலையிலிருந்து வந்ததும் சாவியை அம்மி மேல் வைத்துவிட்டு, மூன்று நாளும் ஒரு வார்த்தை பேசாமல் மூலையில் போய் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். உதட்டைக் கடித்துக் கடித்து அதில் ஒரு தழும்பே விழுந்திருந்தது. மீனாட்சியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே மாவாட்டுவாள்.

"பொம்பளையாப் பொறந்தா எல்லாத்துக்கும் வாரதுதான். நாங்கள்லாம் அன்னைக்கும் நாலு குடம் தண்ணி சொமந்தோம்" என்பாள். தெய்வ பக்தி உள்ளவள்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருப்பாள். தெருநாய்க்கும் ஒரு கவளம் வைக்காமல் சாப்பிட மாட்டாள். ஆனால் நாய்க்கு வைத்த கவளம் அளவு இரக்கம் அந்த மூலைக்குப் போகவில்லை என்பது, செம்பூர் டாக்டரம்மா சொல்லும் வரை அவளுக்கே தெரியாது.

ஒரு நாள் ஷாலினி கடையில் நாற்காலியோடு சரிந்து விழுந்தாள். கணவன் மகேஷ்குமார் அவளைச் செம்பூரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மீனாட்சியம்மாளும் கூடப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா மராட்டிக்காரர். அவர் இந்தியில் சொல்லச் சொல்ல, நோயாளியே மாமியாருக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"கர்ப்பப்பைக்கு உள்ள இருக்கிற மாதிரி சதை, வெளியேயும் முளைச்சிருக்காம் அத்தை. சினைப்பையில, குழாய்கிட்ட, குடல் பக்கம். மாசாமாசம் அதுவும் ரத்தம் விடுமாம். வெளிய போக வழி இல்லாம உள்ளயே கட்டியா உறைஞ்சு, எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பிடிச்சிருக்காம். எண்டோமெட்ரியோசிஸ். இந்தக் கட்டிக்குச் சாக்லேட் கட்டின்னு பேராம்."

"சாக்லேட்டா?" மீனாட்சியம்மாள் மருமகளை முறைத்தாள். "கடையில அந்தச் சேட்டு குடுக்கதையெல்லாம் வாங்கித் தின்னாதன்னு சொன்னேம்லா?"

ஷாலினி அந்த வலியிலும் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மீனாட்சியம்மாளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஷாலினி அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் மும்பையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவளுக்கு அவ்வளவு இந்தி புரியும். 'பத்துப் பதினைந்து வருஷமாக இவள் வலியில் துடித்திருக்க வேண்டும். வீட்டில் யாரும் பார்க்கவில்லையா?'

பார்த்தேன், மாவாட்டிக்கொண்டே பார்த்தேன் என்று எந்த மொழியில் சொல்வது?

ஆபரேஷன் முடிந்தது. வயிற்றில் மூன்று சிறு துளைகள்தான். கட்டியை எடுத்தார்கள், ஒட்டியதைப் பிரித்தார்கள். குடல் பக்கம் கொஞ்சம் விட்டுவிட்டதாகவும், மாதம் ஓர் ஊசியாக ஆறு ஊசி போட்டு அதைத் தூங்கவைக்க வேண்டும் என்றும் டாக்டரம்மா சொன்னார். அந்த ஆறு மாதமும் விலக்கு வராது. பிள்ளையும் வராது. அதற்குப் பிறகுதான் முயற்சி செய்ய வேண்டும்.

"பிள்ளை வேணும்னு வந்தவளுக்குப் பிள்ளை வராத மருந்தா?" என்றாள் மீனாட்சியம்மாள்.

"நாள் மட்டும் தவறக் கூடாது" என்றார் டாக்டரம்மா. "இருபத்தெட்டாம் நாள் செவ்வாய்க்கிழமை இங்கே இருக்க வேண்டும். தூங்குவது பாதியில் விழித்துக்கொண்டால் கட்டி திரும்ப வரும். இன்னொரு ஆபரேஷனைச் சினைப்பை தாங்காது. பிறகு பிள்ளைப் பேச்சே இல்லை."

இதை மீனாட்சியம்மாள் நன்றாக மனதில் வாங்கிக்கொண்டாள். அம்மன் மேல் ஆணையாக இருபத்தெட்டாம் நாளைத் தவறவிட மாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். அதே மனதோடுதான் வீடு வந்து சேர்ந்ததும் முதல் பொய்யையும் சொன்னாள்.

எதிர் வீட்டுப் பானுமதி, "ஆஸ்பத்திரியில என்ன மதினி?" என்று கேட்டாள். கர்ப்பப்பை என்ற சொல் வாயிலிருந்து விழுந்தால், சந்தின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது 'கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்களாம்' என்று ஆகிவிடும். அந்தப் பயத்தில், "அப்பெண்டிக்ஸ்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அம்மன் படத்தின் முன் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டாள். இரண்டு தட்டில் தீர்ந்துவிடும் பொய்தான் என்று நினைத்தாள்.

ஊசி போட ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரத்தில் ஷாலினிக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதித்தது. உட்கார்ந்திருந்தவள் எழுந்து மின்விசிறிக்கு நேரே போய் நிற்பாள். நெற்றி, கழுத்தெல்லாம் வியர்த்து ஊற்றும். ஐந்து நிமிஷத்தில் ஆறிவிடும்.

மீனாட்சியம்மாள் அதைப் பார்த்ததும் உலையில் போடவிருந்த அரிசியோடு அப்படியே நின்றுவிட்டாள். இது அவளுக்குத் தெரிந்த வியர்வை. விலக்கு நின்றுபோன இந்த இரண்டு வருஷமாக அவளும் இதே மின்விசிறிக்கு முன்னால்தான் நிற்கிறாள்.

"ஏளா, நெஞ்சுக்குள்ள இருந்து தீ ஏறுத மாதிரி வருதா?"

"ஆமா அத்தை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு வராமலா?"

முப்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு ஐம்பத்திரண்டு வயது மாமியாரின் உடம்பைக் கொடுத்திருந்தது அந்த ஊசி. பிள்ளை பெற வேண்டுமென்றே அவளைக் கொஞ்ச காலம் கிழவியாக்கி வைத்திருந்தார்கள். ஒரே மின்விசிறி, இரண்டு பேருக்கும் கொதிப்பு. மீனாட்சியம்மாள் ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மருமகளின் பிடரியில் போட்டாள். ஏழு வருஷத்தில் அந்தப் பிடரியை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. "இப்படிப் போட்டா ரெண்டு நிமிசத்துல அடங்கிரும். எனக்கு ஒரு மனுசரும் சொல்லித் தரல. நானாக் கண்டுபிடிச்சேன்" என்றாள். அன்றைக்கு மின்விசிறியையும் மருமகள் பக்கமே திருப்பி வைத்தாள்.

இதெல்லாம் வீட்டுக்குள். வெளியே சந்து, சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் போயிற்று. சாவி ஷாலினி கையிலேயே இருந்தது. இரண்டாவது மாதமும் அவளேதான் விளக்கேற்றினாள். பானுமதி விரல் விட்டு எண்ணினாள். நடுவில் ஒரு நாள் ஷாலினி குழாயடியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். அதுவும் ஊசி செய்த வேலைதான். பானுமதிக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் காலை ஒரு தட்டில் கீறிய மாங்காயும் உப்பும் மிளகாய்த்தூளுமாக வந்து நின்றாள்.

"மதினி, எங்கிட்டகூட மறைச்சுட்டியள பாத்தியளா?"

"எதை?"

"சாவியைக் கண்டு ரெண்டு மாசம் ஆச்சே!" பானுமதியின் கண் நிறைந்திருந்தது. "நான் வைக்காத நேர்த்தியா? உங்களுக்காக ஏழு செவ்வாய்க்கிழமை மண்சோறு தின்னேன் மதினி. அம்மன் கண்ணைத் தொறந்துட்டா."

அந்த இடத்தில் மீனாட்சியம்மாள் 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல்தான். ஆனால் தனக்காக இன்னொருத்தி ஏழு செவ்வாய்க்கிழமை வெறுந்தரையில் சோறு போட்டுத் தின்றிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"எல்லாம் அம்மன் செயல்" என்றாள். அது பொய் இல்லை. அதுதான் அதில் உள்ள விசேஷம்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு நல்ல காலம் பிறந்தது. குழாயில் தண்ணீர் வந்தால் முதல் குடம் அவர்களுக்கு. இட்லி வியாபாரி சுடலைக்கண்ணன் மாட்டுங்காவுக்குக் கிளம்பும் முன் சைக்கிளை நிறுத்தி, "மாசமா இருக்க பிள்ளைக்கு" என்று நாலு இட்லியை இலையில் வைத்துக் கொடுத்தார். மூன்றாம் வீட்டு மதீனா பீவி, தோல்பை பட்டறைக்காரர் நாகூர் மீரானின் மனைவி, அத்திப்பழம் கொண்டுவந்தாள். தினமும் ஏதாவது ஒரு தட்டு வந்தது. மீனாட்சியம்மாள் சந்தில் நடந்தால், "வாங்க ஆச்சி!" என்று, பேரன் பிறந்து பாட்டியாகிவிட்டது போலவே, வாசலுக்கு வாசல் குரல் கேட்டது. ஏழு வருஷமாகச் "ச்சு" கேட்ட அதே வாசல்கள்.

ஷாலினிக்கு இது பிடிக்கவில்லை. "அத்தை, ப்ளீஸ், சொல்லிருங்க. அந்தப் பானு சித்தி என் வயித்தைத் தொட்டுக் கும்பிடுறாங்க. எனக்கு அழுகையா வருது."

"சொல்லுதேன். வெள்ளிக்கிழமை சொல்லுதேன்."

"போன வெள்ளிக்கிழமையும் இதான் சொன்னீங்க."

"அது அமாவாசை. அன்னைக்கு எப்படிச் சொல்ல?"

"அப்புறம் ஒன்பது மாசம் கழிச்சு என்ன பண்ணுவீங்க? என்னைக் காட்டி அடுத்த பொய் என்ன சொல்லுவீங்க?"

மீனாட்சியம்மாள் துண்டை நனைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். இப்போதெல்லாம் பதில் இல்லாத கேள்விக்கெல்லாம் அவள் துண்டு நனைத்துக்கொண்டு வந்தாள்.

நாலாவது ஊசி ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைதான் டாக்டரம்மா பார்ப்பார். ஷாலினி கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்தாள். அவள் உடை மாற்றிக்கொண்டு திரும்பினால், பானுமதி வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். கையில் நாள்காட்டித் தாள்.

"எங்க கெளம்பியாச்சு?"

"செம்பூர். செக்கப்" என்றாள் மீனாட்சியம்மாள்.

"இன்னைக்கா? உங்களுக்குக் கிறுக்கா மதினி? சந்திர கிரகணம்! மூணு இருபதுக்குப் பிடிக்கி, சாயங்காலம் விடுது. மாசமா இருக்க பிள்ளை வாசலைத் தாண்டலாமா? பிள்ளைக்கு உதடு பிளந்து பொறக்குமே!"

அந்தச் சந்திரன் மூன்று இருபதுக்குப் பூமியின் மறுபக்கத்தில் எங்கேயோ இருக்கும். மும்பைக்காரர் யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் நாள்காட்டியில் அச்சடித்துவிட்டார்கள். பானுமதியின் குரல் கேட்டு இன்னும் நாலு பெண்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி கையில் தர்ப்பை. ஒருத்தி கையில் வேப்பிலை. ஷாலினியை உள்ளே உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்தி, இரும்பு ஒன்றை மடியில் வைக்க வேண்டும் என்று ஆளுக்கொரு யோசனை. அத்தனை முகத்திலும் அத்தனை பிரியம். எதிரி என்றால் தள்ளிவிட்டுப் போகலாம். இவர்களை என்ன செய்வது?

மணி இரண்டு. ஷாலினி மாமியாரைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. ஏழு வருஷமாக மூலையில் சுருண்டு கிடந்து பார்த்த அதே பார்வை.

'வீட்டில் யாரும் பார்க்கவில்லையா?'

மீனாட்சியம்மாள் ஷாலினி கையிலிருந்த கோயில் சாவியை வாங்கினாள். அதை இரண்டு கையிலும் பொத்திப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எல்லாரும் கேளுங்க. உச்சிமாகாளி சாவியைக் கையில வச்சுச் சொல்லுதேன். என் மருமவ மாசமா இல்ல. அன்னைக்கு ஆனது அப்பெண்டிக்ஸும் இல்ல. கர்ப்பப்பைக்கு வெளிய வளர்ந்த கட்டிய எடுத்தாங்க. இப்பப் போறது அதுக்கு ஊசி போட. ஊசி போட்டா விலக்கு நிக்கும். அதான் சாவி கை மாறல. நான் உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

சொல்லி முடித்ததும், இனி என்ன நடந்தாலும் சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பானுமதி மூக்கை உறிஞ்சினாள்.

"பாத்தியளாக்கா! கண்ணு பட்டுரும்னு பயந்து, அம்மன் மேலயே பொய்ச் சத்தியம் பண்ணுதாவ. பிள்ளை மேல எம்புட்டு ஆசை இருக்கணும்!"

"ஆமா, ஆமா. மொதப் பிள்ளைன்னா அப்படித்தான் மறைப்பாவ" என்றாள் தர்ப்பைக்காரி.

மீனாட்சியம்மாள் கண்ணைத் திறந்தாள். இத்தனை நாள் வாயே திறக்காமல் இருந்தபோது எல்லோரும் நம்பினார்கள். சாவியைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தால் ஒருத்தர் நம்பவில்லை. அம்மனுக்கு வேடிக்கை பார்க்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

அப்போது பின்னால் நின்ற மதீனா பீவி முன்னால் வந்தாள். அவள் நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"பானுமதி, அந்தக்கா சொல்றது நெசமோ பொய்யோ, டாக்டர் வரச்சொன்ன நாளு. கிரகணம்னா எங்களுக்குத் தொழுகை, உங்களுக்குத் தடை. நான் பிள்ளை கூடப் போறேன். உனக்கு மனசு கேக்கலைன்னா நீயும் வா. குடை, வேப்பிலை, இரும்பு எது வேணும்னாலும் எடுத்துக்க."

பானுமதிக்கு அது பிடித்தது. காவலுக்குப் போவது என்றால் அது வேறு விஷயம். இப்படியாக அன்றைக்குச் செம்பூருக்கு ஒரு டாக்ஸி போனது. முன் இருக்கையில் மீனாட்சியம்மாள். பின்னால் ஷாலினி, அவள் தலைக்கு மேல் டாக்ஸிக்குள்ளேயே விரித்த கறுப்புக் குடை, மடியில் பாக்குவெட்டி, இடது பக்கம் வேப்பிலையோடு பானுமதி, வலது பக்கம் உதடு அசைய ஓதிக்கொண்டு மதீனா பீவி. டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தான். "க்யா ஹுவா?" என்று கேட்க வாயெடுத்து, பாக்குவெட்டியைப் பார்த்ததும் பேசாமல் ஓட்டினான்.

ஊசி போடும் அறைக்கு அம்மிணி சிஸ்டர்தான் பொறுப்பு. பாலக்காட்டுக்காரி. குரல் நாலு வார்டு கேட்கும்.

"வா மோளே. ஒரு மணிக்கூர் லேட்டு" என்று ஊசியை எடுத்தவள், வாசலில் குடையைப் பார்த்தாள். "இது எந்தா?"

"கிரகணம் சிஸ்டர்" என்றாள் பானுமதி. "மாசமா இருக்க பிள்ளை. பாத்து மெதுவாப் போடுங்க."

அம்மிணி சிஸ்டர் ஊசியை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். ஷாலினியைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். "ஆரு சொன்னா? கர்ப்பிணின்னா இந்த ஊசியைத் தொடவே கூடாதம்மா! இது போடுற வரைக்கும் குழந்தை உண்டாகாதிருக்கணும். அதுக்குத்தானே மாசாமாசம் டெஸ்ட் செஞ்சுட்டுப் போடுறேன்! எண்டோமெட்ரியோசிஸ். இந்தா, எழுதியிருக்கு."

பானுமதிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனாலும் அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு குடையை மடக்கினாள். வெளியே வராந்தாவில் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஊசி போட்டு முடிந்ததும் மீனாட்சியம்மாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இத்தனை நாளா என் மாங்காயைத் தின்னியளே மதினி" என்றாள் பானுமதி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"தின்னேன்."

"ஏன் மதினி சொல்லல?"

மீனாட்சியம்மாள் சாவியின் சிவப்புக் கயிற்றை விரலில் சுற்றினாள். "ஏழு வருசமா நான் இதை வச்சுக்கிட்டு நடக்கையில நீங்கள்லாம் பாப்பிய. இந்த மூணு மாசம் பாக்காம இருந்திய. அது நல்லா இருந்துச்சு மதினி. வேற ஒண்ணும் இல்ல."

பானுமதி வேப்பிலையைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டாள்.

உள்ளே மதீனா பீவி மட்டும் வெளியே வராமல் நின்றாள். அம்மிணி சிஸ்டர் ஊசித் தட்டைக் கழுவும் வரை காத்திருந்து, தணிந்த குரலில் கேட்டாள்.

"சிஸ்டர், எங்க மவ சஃபீனா காலேஜு படிக்கா. பத்தொம்பது வயசு. மாசம் ரெண்டு நாளு பட்டறையில தோல் கட்டு மேல சுருண்டு கிடந்து துணியைக் கடிப்பா. நான் எல்லாருக்கும் வாரதுதானேன்னு..." அவள் அதற்கு மேல் சொல்லவில்லை.

மீனாட்சியம்மாளுக்கு அந்த வாக்கியத்தின் மிச்சம் மனப்பாடம். எழுந்து உள்ளே போய் மதீனா பீவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த செவ்வாய் கூட்டிட்டு வா" என்றாள் அம்மிணி சிஸ்டர். "எல்லா வலியும் இதுவாகாது. ஆனா பார்க்கணும்."

சந்துக்குத் திரும்பிய ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு வீட்டுக்கும் உண்மை போய்ச் சேர்ந்துவிட்டது. கொண்டுபோய்ச் சேர்த்தது பானுமதிதான். அவள் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும்தான் சொன்னாள். ஆனால் கடைசி வீட்டில், மீனாட்சியம்மாள் பயந்தது போலவே, 'கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்களாம்' என்றுதான் கேட்டார்கள். அதைத் தடுக்க அம்மனாலும் ஆகாது.

மறுநாள் காலை மீனாட்சியம்மாள் குடத்தோடு குழாயடிக்குப் போனாள். வரிசையின் கடைசியில் நின்றாள். யாரும் 'ஆச்சி' என்று கூப்பிடவில்லை. சுடலைக்கண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், அவளைக் கண்டு நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். பிறகு இலையில் நாலு இட்லியை வைத்து நீட்டினார்.

"அண்ணாச்சி, அவ மாசமா இல்ல."

"தெரியும் தாயி. ஊசி போட்டுக்கிட்டு இருக்க பிள்ளைக்குப் பசிக்காதா?"

சாயங்காலம் நாகூர் மீரானின் பட்டறையிலிருந்து பழைய மேசை மின்விசிறி ஒன்று வந்தது. இரண்டு பேருக்கும் கொதிக்கிறதாம், ஒரு மின்விசிறி எப்படிப் போதும் என்று மதீனா பீவி கேட்டு அனுப்பியிருந்தாள். ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும். ஆனால் காற்று வந்தது. மாங்காய் மட்டும் வரவில்லை. பானுமதிக்குக் கோபம் ஆற இரண்டு வாரம் பிடித்தது. பதினைந்தாம் நாள் அவளும் வந்தாள். மாங்காய்க்குப் பதில் தட்டில் வெள்ளரிக்காய். "உடம்புச் சூட்டுக்கு நல்லது" என்று வைத்துவிட்டு, காத்திராமல் போய்விட்டாள்.

ஐந்தாம் ஊசி, ஆறாம் ஊசி. நாள் தவறவில்லை. டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்து, கட்டி இல்லை என்றார். விலக்கு திரும்பி வர ஆறு வாரம், எட்டு வாரம் ஆகலாம். வந்த பிறகு ஒரு வருஷம் முயற்சி செய்யட்டும். நடந்தால் நல்லது. நடக்கவில்லை என்றால் அடுத்த வழி பேசலாம். நிச்சயம் என்று எதையும் அவர் சொல்லவில்லை. மீனாட்சியம்மாளும் கேட்கவில்லை.

ஆறு வாரம் ஆயிற்று. ஏழு ஆயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக மீனாட்சியம்மாள் மருமகளுக்கு விலக்கு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். ஏழு வருஷம் எது வரக்கூடாது என்று விரதம் இருந்தாளோ, அதற்காகவே இப்போது வெள்ளிக்கிழமை விரதம். அம்மன் குழம்பிப் போயிருப்பாள்.

ஒரு வியாழக்கிழமை ஆறு மணிக்கு ஷாலினி வேலையிலிருந்து வந்தாள். கை கால் கழுவிக்கொண்டு வந்து, அடுப்படியில் நின்ற மாமியாரிடம் சாவியை நீட்டினாள். அம்மி மேல் வைக்கவில்லை. கையில் நீட்டினாள்.

"வந்துருச்சு அத்தை."

"வலி?"

"இடுப்பு கொஞ்சம் கடுக்குது. அவ்வளவுதான்." ஷாலினிக்கே நம்ப முடியவில்லை போலிருந்தது. கையால் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தாள். "நின்னுக்கிட்டுத்தானே பேசுறேன், பாருங்க."

மீனாட்சியம்மாள் பார்த்தாள். இந்த நாளில் இவள் நின்று பேசி அவள் கேட்டதே இல்லை. உதட்டுத் தழும்பு அப்படியே இருந்தது. அதன் மேல் புதிதாகப் பல் பதியவில்லை.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தில் இறங்கினாள். வாசலில் பாத்திரம் கழுவிய பெண்கள் நிமிர்ந்தார்கள். முதலில் சாவியைப் பார்த்தார்கள். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பானுமதியின் நாக்கு பழக்க தோஷத்தில் "ச்" என்று ஆரம்பித்துவிட்டது. பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, சந்து முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"வலி இருக்கா மதினி?"

அந்தச் சந்தில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

"இல்லையாம் மதினி. நின்னுக்கிட்டுப் பேசுதா" என்றாள் மீனாட்சியம்மாள். மூன்றாம் வீட்டு ஜன்னலில் சஃபீனாவின் முகம் வந்து போனது. அவளும் இப்போது செம்பூர் டாக்டரம்மா கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறாள்.

கிராதிக் கதவைத் திறந்தாள். திரியைக் கிள்ளிவிட்டு எண்ணெய் ஊற்றி விளக்கேற்றினாள். அம்மன் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. கைகூப்பி நின்று, வலி இல்லாததற்கு நன்றி சொன்னாள். வெள்ளரிக்காய்க்கு நன்றி சொன்னாள். கடகடவென்று ஓடும் மின்விசிறிக்கும் சேர்த்துச் சொன்னாள். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகி நாலு அடி நடந்த பிறகுதான் நினைவு வந்தது. பிள்ளை வேண்டும் என்று கேட்க மறந்துவிட்டாள். ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட மறந்ததில்லை.

திரும்பிப் போய்த் திறக்கலாமா என்று ஒரு கணம் நின்றாள். அப்போது ஷாலினி தேநீருக்கு அடுப்பில் பால் வைப்பது தூரத்திலேயே தெரிந்தது. இன்றைக்கு அவளை வேலை செய்ய விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தாள்.